வயலட் பூ குடியேறிய ஏரி

படப்பை நர்சரியில் ஒரு தொட்டிக்குள் வயலட் பூவோடு ஆகாயத்தாமரை மிதந்தது. "ஒண்ணு வாங்கிப் போடுங்க சார், தானா பெருகிக்கும்," என்றார் கடைக்காரர். அதில் பொய்யே இல்லை.

ஒரகடத்துப் பக்கம் எங்கள் ஏரிப் படித்துறையில் பாசி மணமும் துணி துவைக்கும் ஓசையும் எருமைகளின் பெருமூச்சும் கலந்து கிடந்த நாட்களில், அந்த வயலட் பூ பெரியம்மா வீட்டுத் தொட்டியில் மட்டும்தான் இருந்தது. ஏதோ பங்களாவில் கேட்டு வாங்கியது. களிமண் பிள்ளையாரைக் கரைக்கும் நாளில், அவரைச் சுற்றி அந்தச் செடியை வேரோடு அடுக்கி, அப்படியே ஏரியில் இறக்குவது எங்கள் தெருவின் வழக்கமாயிற்று. பிள்ளையார் கரைந்தார், செடி கரையவில்லை. ஒரு செடி பக்கவாட்டில் தண்டு நீட்டி இன்னொன்றை ஈன, அது மற்றொன்றை ஈன, மடையை எட்டி, படித்துறையை மூடி, ஒரு வருடம் பிள்ளையாரை இறக்கத் தண்ணீரே தென்படவில்லை.

"இன்னா பெரிம்மா, உன் பூ சாமியையே உள்ள வுட மாட்டேங்குது," என்று சிலையைத் தூக்கி வந்தவர் கேலி செய்தார்.

"அழகா கீதுன்னுதானே குடுத்தேன்," என்றாள் பெரியம்மா. பிறகு அவள் ஏரிப் பக்கமே வரவில்லை.

செடியை அகற்ற எங்கே மனுக் கொடுப்பது என்பது அரசாங்க வேலை பார்த்த எனக்கு அத்துப்படி. தண்ணீருக்கு ஒரு துறை, கரைக்கு ஒரு துறை, மீனுக்கு ஒரு துறை. செடிக்குத் துறை கிடையாது. ஓய்வு பெற்றதும் எல்லோருக்கும் எழுதினேன். போன மாதம் ஆய்வுக்கு ஓர் இளம் அலுவலர் வந்தார். கரையில் நின்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஏரி எங்க சார்?" என்றார்.

மரியாதையான பிள்ளை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.