சனிக்கிழமை வரும் ஐயா

அந்த விடுதியின் யன்னல் விளிம்பில் காலை நீட்டி உட்கார்ந்து புத்தகம் வாசிக்கலாம். சுவர் அவ்வளவு தடிப்பு. யாழ்ப்பாணம் பிரதான வீதியில், கடற்பக்கமாக இருந்த ஒல்லாந்தர் காலத்து வீடு அது. எண்பதுகளின் நடுவில் பட்டணத்துப் பள்ளிக்கூடமொன்றில் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில் சில மாதங்கள் அங்கே தங்கியிருந்தேன். விடுதியை நடத்தியவர் குருநகர்ப் பெண்மணி. தங்க வருகிற எல்லோருக்கும் அவர் அன்ரிதான்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை கரவெட்டியிலிருந்து ஒரு பெரியவர் வருவார். நெற்றி நிறையத் திருநீறு, சலவை வேட்டி. மூலை அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். பின்னேரம் புறப்பட்டுவிடுவார். சாமான் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே வீடு திரும்பக்கூடிய மனிதருக்கு அறை எதற்கு? யாரையாவது இரகசியமாகச் சந்திக்கிறாரோ என்றுகூட நினைத்தேன். ஒருநாள் கதவு சற்றுத் திறந்திருந்தது. புட்டில் திரளி மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்ரி என் கையைப் பிடித்து இழுத்தார். "ஐயா கோயில் தர்மகர்த்தா. வீட்டிலை மீன், மச்சம் ஒண்டும் படக் கூடாது. மனுசிக்குத் தெரியாது. நீர் ஒருத்தரிட்டையும் கதைக்காதையும்."

அடுத்த மாதம் அவர் வந்த காலை இராணுவம் இருந்த கோட்டைப் பக்கமிருந்து ஷெல் வந்து விழத் தொடங்கியது. மதியம் தாண்டித்தான் சத்தம் ஓய்ந்தது. பட்டணத்துக்குள் பஸ் ஓடவில்லை. பயம் தெளிந்த ஐயாவுக்கு அன்ரி சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து ஓர் அம்மா வாசலில் வந்து நின்றார். கையில் குடை, முழங்கால்வரை புழுதி. பாதி வழி நடந்தே வந்திருக்கிறார்.

"எங்கடை அவர் களைப்பாற இஞ்சைதான் வாறவர் எண்டு சொன்னவர். எந்த அறையிலை?"

விறாந்தை முழுக்க மீன்குழம்பு வாசம். அம்மா வாசம் வந்த பக்கம் போய், தானாகவே மூலை அறைக் கதவைத் தள்ளினார். ஐயா சாப்பாட்டுக் கோப்பையைக் கையால் மறைத்தார். அம்மா அவரைத் தலை முதல் கால்வரை பார்த்து, கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நீளமாக மூச்சு விட்டார்.

"எழும்பாதேங்கோ. முள்ளுப் பாத்துத் தின்னுங்கோ."

கிணற்றடியில் கால் கழுவத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தபோது, என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அம்மா, உங்களுக்கு முந்தியே தெரியுமோ?"

"ஓம் பிள்ளை. பட்டணம் போய் வந்தால் முதல் வேலையாப் பல்லு விளக்கிறவர். எந்த மனுசன் பொழுதுபடப் பல்லு விளக்குவான்?"

"ஒருநாளும் கேக்கேல்லையோ?"

"கேட்டால் விட்டிடுவார். பிறகு பாவம், அவருக்கு என்ன இருக்கு?"

வெயில் தாழ்ந்ததும், பஸ் கிடைக்கும் இடத்தை நோக்கி இருவரும் நடக்கத் தொடங்கினார்கள். அம்மா குடையோடு முன்னால் போனார். பின்னால் போன ஐயா, அம்மா திரும்பிப் பார்க்கவில்லை என்று நிச்சயமானதும், வலக்கையை மெல்ல உயர்த்தி ஒருமுறை மோந்து பார்த்தார்.