டிக்கியில் பூட்டிய இருக்கை

தோர்கெல் தன் கார் டிக்கியில் பூட்டிய குழந்தை இருக்கையைவிடப் பத்திரமான இடம் இந்த அண்டத்திலேயே கிடையாது. ராஜாவின் கிரீடத்தை அதில் வைத்து பெல்ட் போட்டு, காரை மலையிலிருந்து உருட்டிவிட்டாலும் ஒரு முத்துகூட உதிராது. இது தோர்கெல் சொன்னது. நான் கொஞ்சம்தான் கூட்டியிருக்கிறேன்.

தோர்கெல் என் அம்மாவின் இரண்டாவது கணவர். பனி கொட்டும் ஊமியோ நகரில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பராமரிப்பவர். அக்டோபர் பிறந்தால் எங்கள் கோட்டுகளில் எல்லாம் இருட்டில் மின்னும் வில்லை மாட்டுவார், நாய்க்கு இரண்டு. காளான் பொறுக்கப் போனாலும் கழுத்தில் விசில் தொங்கும். அவருடைய முதல் திருமணத்துப் பெண்கள் இருவரும் ஒரு வாரம் அவர்கள் அம்மாவிடம், மறுவாரம் எங்களிடம். அவர்கள் எங்களிடம் இருக்கும் வாரம் நாங்கள் ஆறு பேர். காரில் ஐந்து இடம்.

ஒருவரையும் விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வராது. ஏதோ பழைய காரிலிருந்து கழற்றிய மடக்கு இருக்கையை வாங்கிவந்து, டிக்கியின் தரைத்தகட்டில் துளைபோட்டு முடுக்கினார். உட்காரப்போவது என் தம்பி மால்தே. வயது நான்கு.

"தோர்கெல், தகடு மெல்லிசு. பெல்ட்ட இழுத்தா போல்ட்டு பிடுங்கிக்கிட்டு வந்துடும்" என்றேன்.

"அவன் பின்பக்கம் பாத்துதான உக்காருறான்? அப்படி உக்காந்த புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. இந்த நாட்டுல எல்லாரும் புள்ளைங்கள அப்படித்தான உக்கார வைக்கிறாங்க, கழுதைக்கு இதுகூடத் தெரியாதா?"

"அவன் மூஞ்சி பின்கண்ணாடிய ஒட்டிக்கிட்டு இருக்கும். எவனாவது பின்னாடி வந்து இடிச்சா?"

"கணக்குல ரெண்டு தடவ கோட்டை விட்ட இல்வா எனக்குப் பாடம் எடுக்குறா, பாரு!"

சனிக்கிழமை பனிச்சறுக்குப் பயணம். வெள்ளிக்கிழமை வாகனச் சோதனை நிலையத்தின் பெயரில் ஒரு கடிதம் அடித்து எங்கள் வீட்டுத் தபால்பெட்டியில் போட்டேன். முத்திரை செதுக்க ஓர் உருளைக்கிழங்கு செலவு.

"அனுமதியின்றிப் பொருத்திய மூன்றாம் வரிசை இருக்கையை உடனே அகற்றவும். பின்னால் மோதினால் முதலில் நசுங்குவது அந்த இடமே. தரைத்தகடு பெல்ட்டின் இழுப்பைத் தாங்காது. உறக்கத்தில் தலை இடப்பக்கம் சாய்வதால் கண்ணாடியில் மோதும்."

தோர்கெல் நின்றபடியே படித்தார். முகம் காதுவரை சிவந்தது. வெளியே போனார்; ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டிக்கியில் ஏறி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு பெல்ட்டை இரண்டு கையாலும் இழுத்தார். தகடு மேலெழும்பியது. மூன்றாவது இழுப்பில் போல்ட் அவர் மடியில் விழுந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மற்ற போல்ட்டுகளையும் கழற்றினார்.

இருக்கையைத் தோளில் சுமந்துகொண்டு உள்ளே வந்து, "ரெண்டு நடையா போவோம்" என்று அம்மாவிடம் சொன்னார்.

நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். "அடடா, ஆபீஸ்காரங்க கண்டுபிடிச்சுட்டாங்களா?"

"முத்திரை பிரமாதம்" என்றார் தோர்கெல். "ஒரே ஒரு சந்தேகம், இல்வா. நம்ம மால்தே தூங்குறப்ப இடப்பக்கம் சாய்வான்னு ஆபீஸ்காரனுக்கு யாரு சொன்னது?"