கிளினிக்கில் சொல்லக் கூடாத ஆங்கிலம்

எதற்கெடுத்தாலும் எனக்குப் பயம். அடுப்பை அணைத்தேனா, பஸ் போய்விட்டதா, காற்றில் தோட்டத்து லய வீட்டுக் கூரைத் தகரம் பறந்துவிடுமா என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பயங்களில் பெரியது ஆங்கிலம். படிவம் இரண்டோடு பள்ளியை விட்டவள் நான். அப்படிப்பட்டவளுக்கு, எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் கோலசிலாங்கூர் பட்டணத்தில் ஒரு தனியார் கிளினிக்கின் கவுண்டரில் வேலை கிடைத்தது.

"ஒரு மாசம் பாப்போம்" என்றுதான் எடுத்தார்கள். அம்மா அப்போது தோட்டத்தில் செம்பனைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார். முதுகில் மருந்துப் பம்பு, விரல் நுனியெல்லாம் வெந்து தோல் உரிந்திருக்கும். இந்த வேலை நிலைக்காவிட்டால் எனக்கும் ஒரு பம்பு தயாராக இருக்கிறது என்று தோட்டக் கங்காணியான மண்டோர் சொல்லி வைத்திருந்தார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

டாக்டர் பினாங்குக்காரர், தமிழர், நன்றாகத் தமிழ் பேசுவார். ஆனாலும் நம் ஆட்கள் அவரிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். தமிழில் சொன்னால் மருந்தின் வீரியம் குறைந்துவிடும் என்பது போல. லயத்தில் வாய் ஓயாமல் கதை பேசுகிறவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் "டாக்டர், மை பாடி ஆல் பெயின், ஹெட் ஒன்லி நோ பெயின்" என்பார்கள். பாசிர் பெனம்பாங்கிலிருந்து வந்த ஒரு மீன்பிடிக்காரர், கெளுத்தி முள் குத்தி வீங்கிய கையை நீட்டி "ஃபிஷ் ஈட் மை ஹேண்ட்" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. கையைப் பார்த்தார், ஊசி போட்டார். தப்பான ஆங்கிலத்தால் அங்கே ஒருவருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

என் ஆங்கிலமும் அந்த ரகம்தான். ஒரு மாலை ஜெராமிலிருந்து யாரோ போன் செய்து டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டார். "டாக்டர் ஃபினிஷ் ஆல்ரெடி" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து, "ஐயோ, எப்போம்மா?" என்று தமிழில் ஒரு குரல். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, டாக்டர் சாகவில்லை, நலமாக இருக்கிறார், வீட்டுக்குத்தான் போயிருக்கிறார் என்று விளக்கினேன்.

கவுண்டரைப் பார்த்துக்கொண்டது டாக்டரின் மனைவி. மேடம் என்போம். கான்வென்டில் படித்தவர். தமிழ் பாதி புரியும், பேச வராது. பள்ளியில் தமிழ் பேசினால் தண்டனையாம், அதை அவரே ஒருநாள் சொன்னார். கெட்டவர் இல்லை. எதிர்வரிசையில் புதுக் கிளினிக் ஒன்று வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் அவருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. என் பயத்துக்கு அது அக்காள் என்று சொல்லலாம். இனி நம் கிளினிக்கிலும் ஒரு மரியாதை வேண்டும் என்று சட்டம் போட்டார். வரும்போது "குட் மார்னிங்". மருந்துப் பொட்டலத்தைக் கையில் கொடுக்கும்போது "தேங்க் யூ, கம் அகெய்ன்".

குட் மார்னிங் வந்தது. தேங்க் யூ வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

எங்கள் பக்கம் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் படியிறங்க மாட்டோம். சாவு வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் மட்டும் அந்தப் பேச்சே கிடையாது. அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது, பார்த்துப் பார்த்துக் கவனித்த தாதியிடம் கூட அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கும்பிட்டார், திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அப்படி வளர்ந்தவள், காய்ச்சல் விட்டுப் போகிற பிள்ளையைப் பார்த்து 'திரும்ப வா' என்று எப்படிச் சொல்வேன்?

மேடம் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். எனக்கு அந்த இரண்டு சொல் தெரியவில்லை என்று நினைத்தார். ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சொல்லிக் கொடுப்பார். "கம். அ-கெய்ன்." நானும் சொல்வேன். சுத்தமாக வரும். நோயாளி எதிரில் வந்து நின்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "ஓகே லா" என்று முணுமுணுத்துத் தலையைக் குனிந்துகொள்வேன்.

"டூ வேர்ட்ஸ் ஆல்சோ கெனாட்?" என்றார் மேடம் ஒருநாள். மாதம் முடியப் போகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லும் அளவுக்கு ஆங்கிலம் என்னிடம் இல்லை.

காலில் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்ற வருகிற சாப்பாட்டுக் கடை முஸ்லிம் அண்ணனை நானா என்போம். அவர் இதையெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். "என்ன தங்கச்சி, ஒன் வாய்க்கும் கட்டுப் போட்டுட்டாங்களா?" என்பார். "பேசாம என் கடைக்கு வந்துரு. அங்க நாள் பூரா கம் அகெய்ன் சொல்லலாம். ரொட்டிச் சானாய் தின்னவன் திரும்பி வந்தா ரெண்டு பேருக்கும் சந்தோசம்."

ஒரு நாள் காலை, எப்படிச் சொல்வது என்று எனக்குக் காட்டுவதற்காக மேடமே கவுண்டரில் வந்து நின்றார். புக்கிட் பெலிம்பிங் பக்கத்துப் பெண் ஒருவர் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். காய்ச்சலில் வலிப்பு வந்த பிள்ளை, சில நாளாக விடாமல் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அன்றுதான் காய்ச்சல் விட்டிருந்தது. அந்த அக்காவின் முகமே தெளிந்திருந்தது.

மேடம் மருந்தைக் கொடுத்து, பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, அழகாகச் சிரித்து, "தேங்க் யூ! கம் அகெய்ன்!" என்றார்.

அந்த அக்கா நின்றுவிட்டார். "என்னாது? திரும்ப வரணுமா? எம்புள்ள இங்க திரும்ப வரணுமா? ஒங்க வாயில வசம்ப வெச்சுத் தேய்க்க!" பிள்ளையின் தலையைச் சுற்றி நெட்டி முறித்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "வாட் டிட் ஷீ சே?"

சொன்னால் மேடத்துக்கு அவமானம். சொல்லாவிட்டால் நானும் அந்த அக்கா கட்சி. என் கண்ணுக்கு முன்னால் அந்தப் பம்பு வந்து நின்றது.

"சொல்லிரு தங்கச்சி" என்றார் நானா. "நான் சொன்னா இன்னும் அசிங்கமா இருக்கும்."

அதுவரை என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக ஆங்கிலம் பேசியதில்லை. "ஷீ ஆங்ரி ஒன்லி லா, மேடம். ஷாப் கம் அகெய்ன், குட். கிளினிக் கம் அகெய்ன், வெரி பேட். சிக் அகெய்ன், தென் ஒன்லி கம் அகெய்ன். அவர் பீப்பள் வெரி ஸ்கேர்ட். ஐ கேன் சே, மேடம். மை மவுத் டோன்ட் வான்ட்."

வசம்பை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

மேடத்தின் முகம் சிவந்தது. உள்ளே போனவர் மாலை வரை கவுண்டர் பக்கம் வரவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் மருந்தை மட்டும் கொடுத்து அனுப்பினேன். எத்தனை தப்பு பேசினேன் என்று மனசு ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. யோசித்தால், அன்று அந்த இடத்தில் பிழையில்லாமல் பேசப்பட்ட ஆங்கிலம் மேடத்தினுடையது மட்டும்தான். அடி வாங்கியதும் அதுதான்.

கிளினிக் அடைக்கும் நேரம். தினமும் கதவருகே நின்று "போயிட்டு வரேன் மேடம்" என்பேன், அவர் தலையசைப்பார். அன்றைக்கு அது வாயில் வர மறுத்தது. வரேன் என்று நான் சொல்லி, வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால்? பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் வேறு போய்விடும். கடைசியில் காற்றுப் போல ஒரு குரலில் சொல்லிவிட்டேன்.

மேடம் நிமிர்ந்தார். யோசித்து யோசித்துத் தமிழில் கேட்டார். "அது... இங்க சொல்லலாமா?"

"நான் நோயாளி இல்லியே, மேடம்."

சிரித்துவிட்டார். மேசையிலிருந்த கிளினிக் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "நாளைக்கி நீ தொறக்குது. சீக்கிரம் வருது. போயி வாங்கோ."

அதில் எத்தனை தப்பு என்று நான் எண்ணவில்லை. தலையை ஆட்டிவிட்டு ஓடினேன். பஸ் கிடைத்தது. தோட்டத்துச் சந்தி வரும் வரைக்கும், சாவி இருக்கிறதா என்று பைக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டே போனேன்.