பயத்தில் செத்தால் நிர்வாகம் பொறுப்பல்ல

ஜெயசீலனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். ஐம்பத்திரண்டு வயது, பெரம்பலூர்ப் பக்கம், ஓமானில் இருக்கும் சோஹாருக்கு வந்து பத்தொன்பது வருஷம். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தை "சரிங்க பாய்". ஏசி ரிப்பேரா, சரிங்க பாய். வெள்ளிக்கிழமையும் டியூட்டியா, சரிங்க பாய். லீவை அடுத்த மாசம் பார்க்கலாமா, அதற்கும் சரிங்க பாய். ஆறு வருஷமாக ஒரே ரூமில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறேன். தூக்கத்தில்கூட அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரு பழைய சினிமா தியேட்டரில் வேலை பார்க்கிறோம். அவர் எலக்ட்ரீஷியன். நான் டிக்கெட் கவுண்டர், பெயர் பன்னீர்செல்வம். மால்களில் புதுத் திரையரங்குகள் வந்த பிறகு எங்கள் பக்கம் ஈ காக்காய் எட்டிப் பார்ப்பதில்லை. தியேட்டரைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர் முகம்மது ரிபாய், கீழக்கரைக்காரர். நல்ல மனுஷர்தான், ஆனால் சினிமாப் பைத்தியம். போன வருஷம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஓட்டைக் காசில் எடுத்த கறுப்பு வெள்ளைப் பேய்ப் படங்களை வெள்ளிக்கிழமை மத்தியானம் காட்டுவது. படம் மட்டும் காட்டினால் எவன் வருவான்? அந்தக் காலத்துத் தியேட்டர்காரர்கள் செய்த கூத்துகளையும் சேர்த்துச் செய்வது.

கூத்து என்றால் சாதாரணக் கூத்தில்லை. சீட்டுக்கு அடியில் மோட்டார் வைத்து, பேய் வரும் நேரத்தில் உட்கார்ந்திருப்பவரை உதற வைப்பார்கள். திரைக்குப் பக்கத்திலிருந்து ஒரு எலும்புக்கூடு கம்பியில் பறந்து ஜனங்களின் தலைக்கு மேலே போகும். வாசலிலேயே ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள்: "பயத்தில் செத்தால் நிர்வாகம் பொறுப்பல்ல." இத்தனையையும் ஜெயசீலன் தனியாளாகச் செய்து முடித்தார். காயலான் கடையில் கிடந்த மசாஜ் நாற்காலிகளைப் பிரித்து மோட்டார் எடுத்தார். கப்பி, கம்பி, பிரேக் எல்லாம் அவர் கை வேலை. பிளாஸ்டிக் எலும்புக்கூட்டுக்கு நாங்கள் சூப்பர்வைசர் என்று பேர் வைத்தோம். வேலை ஒன்றும் செய்யாமல் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டே இருப்பதால்.

முதல் மூன்று வாரம் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். சந்தோஷமாகக் கத்தினார்கள். அந்தத் தாளில் நாலு கேள்வி உண்டு. பெயர், ஊர். செத்தால் யாருக்குச் சொல்ல வேண்டும். உடம்பை யாரிடம் கொடுக்க வேண்டும். கடைசி ஆசை என்ன. "என் உடம்பை மாமியாரிடம் கொடுக்கவும், அவர்தான் காரணம்" என்று எவனாவது எழுதியிருப்பான். படம் தொடங்குமுன் ரிபாய் பாய் மைக்கைப் பிடித்து, பேய்க் குரலில் நாலைந்து தாளை வாசிப்பார். ஹால் குலுங்கும்.

அந்த நேரத்தில்தான் ஜெயசீலனுக்கு ஊரிலிருந்து செய்தி வந்தது. அவர் மனைவி சரசுவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும், ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. "நீங்க எதுக்கு வந்துக்கிட்டு, தங்கச்சி பாத்துக்குவா" என்று சரசு சொல்லிவிட்டாள். இவருக்கு மனசு கேட்கவில்லை.

"ரெண்டு பிரசவத்துக்கும் நான் இல்ல பன்னீரு. இதுக்காவது பக்கத்துல இருக்கணும்" என்றார்.

"போய்க் கேளுண்ணே. வாயில என்ன கொழுக்கட்டையா?"

கேட்டார். மூன்று தடவை கேட்டார். கிடைக்காவிட்டால் அவள் ஏமாந்துபோவாள் என்று சரசுவிடம் சொல்லாமல் கேட்டார். மூன்று தடவையும் பாய் போனைப் பார்த்துக்கொண்டே ஒரே பதிலைத்தான் சொன்னார்: "நீ போனா எலும்புக்கூட்ட யாரு பறக்க விடுறது? இந்த சீசன் முடியட்டும், ஜெயசீலா." இவரும் சரிங்க பாய் என்று திரும்பி வந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நானே அந்தக் கம்பியைப் பழகிக்கொள்கிறேன் என்று ஒரு ஷோவில் பிடித்தேன். பிரேக்கை எங்கே அழுத்துவது என்பது கைப்பழக்கம், எனக்குக் கைகூடவில்லை. சூப்பர்வைசர் நேராகப் போய் ஒரு பாகிஸ்தானி அம்மாள் மடியில், பாப்கார்ன் மேலே உட்கார்ந்தார். "ஜெயசீலன் இல்லாம ஷோ மாஃபி, கிடையவே கிடையாது" என்று பாய் முடித்துவிட்டார். ஆக, அவர் லீவில் மண்ணைப் போட்டதில் எனக்கும் பங்குண்டு.

நாலாவது வாரம் கூட்டம் வற்றியது. ஐந்தாவது வாரம் பன்னிரண்டு பேர். கட்டடத்தின் ஓமானி முதலாளிக்கு நிறைந்த ஹாலின் போட்டோ ஒன்று காட்டியாக வேண்டும் என்று, பாய் துறைமுகத்துப் பக்கம் உள்ள லேபர் கேம்ப் ஒன்றுக்கு இலவச டிக்கெட் அனுப்பினார். ஆறாவது வெள்ளிக்கிழமை மூன்று பஸ் வந்து நின்றது. நூற்றைம்பது பேர், பெரும்பாலும் நம் ஊர்க்காரர்கள். குளித்து, சட்டை மாற்றி, தலை வாரி வந்திருந்தார்கள். ஆளுக்கொரு தாளும் பேனாவும் கொடுத்தேன்.

நான் எதிர்பார்த்தது சிரிப்பு. அவர்கள் சுவரில் தாளை வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார்கள்.

"அண்ணே, பத்தாக்கா நம்பர் எழுதணுமா?" என்று ஒருவன் தன் குடியிருப்பு அட்டையை எடுத்து நீட்டினான்.

"வேண்டாம்ப்பா. இது சும்மா தமாஷு."

"பாஸ்போர்ட் காப்பி?"

"அட, தமாஷுங்கிறேன்ல!"

"கையெழுத்து வாங்குறீங்களேண்ணே" என்றான். வேலைக்கு வந்த நாள் முதல் இதே மாதிரி எத்தனை தாளில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அதில் எது தமாஷாக இருந்தது?

பெட்டியில் ஸ்டாஃப்பும் ஒரு தாள் போட வேண்டும் என்பது பாயின் சட்டம். ஜெயசீலன் வழக்கமாக "ஆசை ஒன்றுமில்லை" என்று எழுதிப் போடுவார். அன்று ஒரு ஓரமாக உட்கார்ந்து வெகுநேரம் எழுதினார்.

விளக்கு அணைந்தது. பாய் மைக்கைப் பிடித்து, தொண்டையைக் கரகரவென்று மாற்றிக்கொண்டு முதல் தாளை வாசித்தார். "அம்மாவுக்கு நேராகச் சொல்லாதீர்கள், பிரஷர் இருக்கிறது. பக்கத்து வீட்டு முருகையன் அண்ணனிடம் சொன்னால் அவர் பக்குவமாகச் சொல்லுவார்." ஒருவரும் சிரிக்கவில்லை. பாய் இரண்டாவதை எடுத்தார். "என் போன் லாக் நம்பர் 4471. போட்டோவை அழிக்க வேண்டாம், மகளுக்கு வேணும்." அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். கூட்டம் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் பெரிய பேய்க் குரலில் மூன்றாவதை ஆரம்பித்தார்.

"உடம்பைக் கொடுக்க வேண்டியது சரசுவிடம். வர்ற வியாழக்கிழமை அவளுக்கு ஆபரேஷன். உயிரோடு இருந்தால் லீவு இல்லை. செத்தால் கம்பெனியே டிக்கெட் போட்டு அனுப்பிவிடும், அஞ்சு நாள் ஆகும் என்கிறார்கள். அதனால் கடைசி ஆசை, இன்றைக்கே செத்தால் நல்லது. புதன்கிழமைக்குள் போய்ச் சேர்ந்துவிடுவேன்."

பாதியிலேயே பேய்க் குரல் போய்விட்டது. கடைசி வரியை அவர் சொந்தக் குரலில், மெதுவாகத்தான் வாசித்தார். கீழே இருந்த பெயரை வாசிக்கவில்லை. மைக்கை அணைத்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்ற ஜெயசீலனிடம் வந்தார். நானும் ஓடினேன்.

"ஏன்யா, வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்ல?"

"மூணு வாட்டி சொன்னேன் பாய்."

"சொன்னியா?"

"சொன்னேன் பாய்."

பாய் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பன்னீரு, நீ கம்பியப் புடி. என்ன ஆனாலும் ஆகட்டும்" என்றார். ஜெயசீலன் தோளில் கைபோட்டு ஆபீஸ் ரூமுக்கு அழைத்துப் போனார். புதன்கிழமை காலை திருச்சியில் இறங்குகிற மாதிரி டிக்கெட் போட்டுக் கொடுத்தார். நான் விட்ட சூப்பர்வைசர் பாதி வழியில் சிக்கி, படம் முடியும் வரை எட்டாவது வரிசைக்கு மேலே தொங்கினார். கேம்ப்காரர்கள் அவரைக் கண்டுகொள்ளவேயில்லை.

சாயங்காலம் ரூமுக்கு வந்ததும் ஜெயசீலன் சரசுவுக்கு வீடியோ கால் போட்டார். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை ஆறு வருஷத்தில் நான் கண்டதில்லை. "புதன்கெழம வரேன் புள்ள" என்றார்.

சரசு சிரிக்கவில்லை. "யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. ஒனக்கு ஆபரேஷன்ல? பக்கத்துல இருக்கலாம்னுதான்."

ஜெயசீலன் சொல்லாமல் கொள்ளாமல் திடீரென்று ஊருக்குப் போனது இத்தனை வருஷத்தில் இரண்டே தடவை. ஒன்று அவர் அப்பா செத்ததற்கு, இன்னொன்று அம்மா செத்ததற்கு.

"டாக்டரு ஒங்களுக்கு போன் பண்ணாரா?" என்றாள். "எங்கிட்ட சொல்லாம ஒங்ககிட்ட என்ன சொன்னாரு? நான் பொழைக்க மாட்டேனா?"

"ஐயையோ, இல்ல புள்ள. பாய் லீவு குடுத்தாரு. அவ்வளவுதான்."

"லீவெல்லாம் சும்மா குடுப்பாங்களா? நீங்க வராதீங்க. நீங்க வரலன்னா நான் பொழச்சுக்குவேன்" என்று சொல்லிவிட்டு அவள் அழ ஆரம்பித்தாள்.

"சும்மாதான் வரேன், சத்தியமா சும்மாதான் வரேன்" என்று ஜெயசீலன் திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் நம்பவில்லை.