பலகையில் எழுதிய பெயர்

நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்த அவளுக்கு அந்த வீட்டில் கடிகாரம் என்று பட்டப்பெயர். பக்கவாதத்தில் படுத்துவிட்ட தையல்காரரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பாள். ஐந்து நிமிஷம் முன்பின் ஆகாது. ஒன்றரை வருஷத்தில் அவர் முதுகில் படுக்கைப்புண்ணுக்கு அறிகுறியாக ஒரு சிவப்புத் தடிப்புகூடக் கிடையாது. அது என்ன பாடு என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

"கடிகாரத்துக்குச் சாவி யாரு குடுக்கறா?" என்று கோணிய வாயால் கேலி செய்வார்.

"பேசாம திரும்புங்க ஐயா. கை கால் படுத்தாலும் வாய் மட்டும் கத்திரிக்கோல் மாதிரி ஓடுது."

அவள் போகும் பிரார்த்தனைக் கூடத்தில் நோயாளிகளின் பெயரைக் கரும்பலகையில் எழுதி, வாரம் ஒரு நாள் எல்லோரும் உரக்கப் படித்து வேண்டிக்கொள்வார்கள். தையல்காரர் பெயரையும் தெருவையும் அவள்தான் எழுதினாள். நல்ல காரியம்தானே என்று அந்த வீட்டில் யாரையும் கேட்கவில்லை.

யாரோ பலகையைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். சாகக் கிடப்பவர்களை மயக்கி மதம் மாற்றும் கூட்டம், இது அவர்கள் பட்டியல் என்று கீழே ஒரு வரி.

தையல்காரரின் மகன் கைபேசியை நீட்டினான். "அக்கா, எழுதினது நீங்க இல்லை, அங்க போறதே இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அவள் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள். "என் கையெழுத்துதான் தம்பி. உங்களைக் கேக்காம எழுதினது தப்பு, மன்னிச்சிடுங்க. ஆனா கீழ போட்டிருக்கறது பொய். உடம்பு தேறணும்னு வேண்டினோம், அவ்வளவுதான். அங்க போறவ இல்லைன்னு எப்படிச் சொல்ல?"

"வேலை போயிடும்க்கா."

"தெரியுது."

"இப்படிப் பேசித்தான் ஆளை மயக்கறது" என்றாள் மருமகள், கதவோரம் நின்றபடி.

அவள் கட்டிலருகே போனாள். புரட்டும் நேரம் ஆகியிருந்தது. புரட்டிவிட்டு, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தாள். தையல்காரர் நல்ல கையால் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

பிரார்த்தனைக் கூடத்தில் சிலர், படம் பிடித்தவனைக் கண்டுபிடித்து நாலு போடவேண்டும் என்று குதித்தார்கள்.

"போட்டா அவன் எழுதினது உண்மைன்னு ஆயிடும்" என்றாள் அவள். "பலகையைத் துடைங்க. இனிமே வீட்டு ஆளுங்களைக் கேட்டு எழுதுவோம்."

வேலை போன மூன்றாம் வாரம், அவளுக்குப் பதிலாக வந்த பெண்ணை மருந்துக்கடையில் பார்த்தாள்.

"ஐயாவுக்கு இடுப்புல புண்ணுக்கா. எலும்பு தெரியுது. உங்களைக் கூப்பிடலாம்னு சொன்னேன், வேணாம்னுட்டாங்க."

எப்படிக் கழுவுவது, எப்படிக் கட்டுவது, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது எல்லாவற்றையும் அவள் இரண்டு முறை சொல்லி அனுப்பினாள்.

அந்த வாரம் கூடத்தில் சாக்பீஸ் அவள் கைக்கு வந்தது. சற்று நேரம் வைத்திருந்தாள். அந்த வீட்டாரைக் கேட்டாலும் சம்மதிக்கமாட்டார்கள். எழுதாமல் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, மற்றப் பெயர்களை எல்லோரோடும் உரக்கப் படித்தாள்.

சுவரில் மணி நான்கு. தையல்காரரை வலது பக்கம் புரட்டும் நேரம்.