கண்ணை மூடினால் தெரியும் என்றேன்

கண்ணை மூடினால் அடுத்தவர் மனதில் இருப்பது எனக்குத் தெரியும் என்று பள்ளியில் ஒரு பேச்சு. நான் கிளப்பிவிட்டதுதான். பாதி ஊகம், பாதி யாரோ சொன்ன சேதி. என் தோழி கவிதா மட்டும் அதை முழுதாக நம்பினாள்.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்புக்கு இடம் கிடைத்தவர்களில் அவள் பெயர் இல்லை. மறுநாள் காலை அவளையே காணவில்லை. கைப்பேசியும் அணைந்திருந்தது. ஈப்போவில் அவள் வீட்டுக்கு ஓடினேன். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒனக்குத் தெரியுமாமே. எங்க இருக்கான்னு பாத்துச் சொல்லும்மா."

கண்ணை மூடினேன். இருட்டுதான் தெரிந்தது.

"ஆன்ட்டி, எனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா வெளையாட்டு. அவளுக்குக் கண்டிப்பா எடம் கெடைக்கும்னு சொன்னதும் அப்படித்தான்."

அறைவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"சரி, கடைசியா ஒங்கிட்ட என்ன பேசுனா?"

யோசித்தேன். பத்து காஜா ஊர்ப் பக்கம், அவள் தாத்தா பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்தில் மூடிக்கிடக்கும் பள்ளியைப் பற்றிச் சொன்னாள். "அங்க போய் உக்காந்தா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க லா" என்றாள். நான் கைப்பேசியைப் பார்த்தபடி தலையாட்டியிருந்தேன்.

அங்கேதான் இருந்தாள், வாசற்படியில், அழுது வீங்கிய கண்களோடு.

"பவர்ல பாத்தியா?"

"இல்ல. நீ சொன்னத யோசிச்சுப் பாத்தேன்."

மூன்று வருடமாக அவள் மனதைப் படிப்பதாகப் பெருமையடித்திருக்கிறேன். அவள் வாய்விட்டுச் சொன்னதை அன்றுதான் கேட்டேன்.