இரண்டு மரத் தூரம்

என் வீட்டுக்காரர் மெஷின் வாள் பிடித்து மரம் அறுப்பவர். கொழுந்தன் கயிறு கட்டி மரத்தைச் சாய்ப்பார். விழுந்த கொப்புகளை இழுத்து ஓரமாகப் போடுவது என் வேலை. மூன்று பேரும் ஒரே வண்டியில்தான் போவோம். ஆனால் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டால், மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தள்ளி நான் நிற்க வேண்டும். மெஷினை அணைத்துவிட்டு அவர் கையைத் தூக்கினால்தான் கிட்டே போகலாம். இது அவர் போட்ட சட்டம். மெஷின் சத்தத்துக்காகக் காதில் மூடி மாட்டியிருப்பவருக்கு நான் கத்தினாலும் கேட்காது.

“புருஷனோட வேலைக்குப் போற, ஒனக்கென்ன” என்பார்கள் கோச்சடையில் எங்கள் தெருப் பெண்கள். நாள் முழுக்க அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு, பேச ஆளில்லாமல் நின்ற பாடு எனக்குத்தான் தெரியும்.

போன வருஷம் விளாங்குடியில் ஒரு காலி மனை. பெரிய வாகை மரம். சாயும்போது பக்கத்து வேம்பில் உரசித் திரும்பிவிட்டது. அடிமரம் துள்ளி அவர் பாதத்தில் இறங்கியது. மெஷின் ஒரு பக்கம் விழுந்து அணைந்தது. நான் ஓடினேன்.

அவர் உள்ளங்கையை என் பக்கம் விரித்துக் காட்டினார். “வராத! மேல பாரு!”

முறிந்த வேப்பங்கொப்பு ஒன்று எங்கள் இருவருக்கும் நடுவே, மேலே, பட்டையில் மட்டும் ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் சுவர், இந்தப் பக்கம் விழுந்த மரம். அவரிடம் போக வேறு வழியில்லை.

“மதினி, நில்லுங்க. கயித்தப் போட்டு இழுத்துர்றேன்” என்றார் கொழுந்தன். முதலில் வீசியது மாட்டவில்லை.

“ஏ, தண்ணி வச்சிருக்கியா?” என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

“இருக்குங்க.”

“அப்ப பிடிச்சுக்கிட்டு அங்கயே நில்லு.”

அம்புட்டுத் தூரத்தில் நின்று நாங்கள் பேசிக்கொண்டது அன்றைக்கு மட்டும்தான். கொப்பு தரையில் விழுந்த பிறகுதான் கொழுந்தன் என்னை அவர் கிட்டே போக விட்டார்.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் அவரால் அதிக நேரம் நிற்க முடியவில்லை. இப்போது வேறொருவர் மெஷின் பிடிக்கிறார். நல்ல மனுஷன்தான். ஆனால் என் வீட்டுக்காரர்போல, அறுக்கத் தொடங்குமுன் நான் எங்கே நிற்கிறேன் என்று திரும்பிப் பார்ப்பதில்லை. நானாகவே விலகிப் போய் நின்றுகொள்கிறேன். மத்தியானம் ஆண்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நான் வண்டிக்கு அந்தப் பக்கம் தூக்குவாளியைத் திறப்பேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் டிவி அலறிக்கொண்டிருக்கும். மூடி மாட்டியும், இத்தனை வருஷ மெஷின் சத்தத்தில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. ஒருநாள் வேலை முடிந்து வந்து, நாங்கள் அறுத்த மரத்தைப் பற்றிப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் வேலைப் பேச்சை எடுப்பதில்லை. சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு, நானும் ஒரு தட்டோடு உட்கார்ந்து, அவர் பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.